இரண்டு திராட்சைகள், மூன்று மைக்ரோகிராம்

கொடியிலிருந்து வெட்டப்பட்ட பிறகும் திராட்சை உயிருள்ள பொருளாகவே இருக்கிறது. சேமித்து வைத்த சர்க்கரையையும் அமிலங்களையும் செலவழித்து அது தொடர்ந்து சுவாசிக்கிறது, காம்பின் வழியாக நீரை இழக்கிறது, தோலில் சிறு கீறல் விழுந்தால் சாம்பல் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடுகிறது. வாழையையும் மாம்பழத்தையும் காயாகப் பறித்து வழியில் பழுக்கவிடலாம். திராட்சைக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் பறித்த பின் அது மேலும் இனிப்பதில்லை. எனவே முழுச் சுவை ஏறிய பிறகே குலைகளை வெட்டி, உடனடியாகக் குளிரூட்டி, பூஞ்சையைத் தடுக்கக் கந்தக டை ஆக்சைடு வாயுவைச் சிறிது சிறிதாக வெளியிடும் தாள்களோடு பெட்டியில் அடுக்கி, பூச்சியப் பாகை வெப்பநிலையை ஒட்டியே வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்தாலும் கிடைப்பது சில வார அவகாசமே. அந்த அவகாசத்தின் பெரும்பகுதியைக் கடற்பயணம் தின்றுவிடுகிறது. எஞ்சிய நாள்களில் பழம் விற்றாக வேண்டும்.

இந்த அவசரத்தின் மீதுதான் சிலி நாடு ஒரு பெரும் ஏற்றுமதித் தொழிலைக் கட்டியெழுப்பியது. வட அரைக்கோளத்தில் பனி பொழியும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில், வடக்கே கோப்பியாபோ பள்ளத்தாக்கிலிருந்து நடுச் சமவெளி வரை பரந்த சிலியின் தோட்டங்களில் கோடை அறுவடை நடக்கிறது. அமெரிக்கக் கடைகளில் உள்நாட்டுத் திராட்சை அற்றுப்போகும் பருவத்தில் சிலியின் திராட்சை வந்து சேரும். 1970களின் பிற்பாதியிலிருந்து வளர்ந்த இந்த வணிகம், 1980களின் இறுதிக்குள் தாமிரத்தை நம்பியிருந்த அந்த நாட்டின் முதன்மையான அன்னியச் செலாவணி வழிகளுள் ஒன்றாகிவிட்டது. தோட்டங்களிலும் பொதிசாலைகளிலும் பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்டின் வருமானம் அவர்களுக்கு அந்தச் சில மாதங்களிலேயே கிடைத்தது. வாங்கும் பக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பிலடெல்பியா இந்தப் பழங்களின் தலையாய வாயிலாக இருந்தது.

1989ஆம் ஆண்டின் பருவம் அரசியல் கொந்தளிப்புக்கு நடுவே வந்தது. 1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி அகுஸ்தோ பினோசே, 1988 அக்டோபர் 5ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் தோற்றிருந்தார். 1989 டிசம்பரில் தேர்தல் நடக்கவிருந்தது. இந்நிலையில் மார்ச் 2ஆம் நாள், தலைநகர் சான்டியாகோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசிய பெயர் தெரியாத ஒருவர், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செல்லும் பழங்களில் சயனைடு ஏற்றப்படும் என்று எச்சரித்தார். சில நாள்களில் மீண்டும் அழைப்பு வந்தது. அழைத்தவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. இத்தகைய மிரட்டல்களில் மிகப் பெரும்பாலானவை வெற்று மிரட்டல்களே என்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுபவத்தால் அறிந்திருந்தது. அது முதலில் காட்டிய நிதானத்துக்கு அந்த அனுபவமே காரணம்.

ஆனால் நிதானத்தைக் குலைக்கக்கூடிய வேறோர் அனுபவமும் அந்த நிறுவனத்துக்கு இருந்தது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலினால் என்னும் வலிநிவாரணி மாத்திரை உறைகளில் யாரோ சயனைடை நிரப்பிக் கடை அடுக்குகளில் வைத்துவிட, 7 பேர் இறந்தார்கள். குற்றவாளி பிடிபடவே இல்லை. அதற்கு மறு ஆண்டே நுகர்பொருள்களில் நஞ்சு கலப்பதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இன்று மருந்துப் புட்டியின் வாயில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய மூடுதாள் பரவலானதும் அந்த மரணங்களுக்குப் பிறகுதான். 1986இலும் இதே நஞ்சு மீண்டும் மாத்திரைகளில் புகுந்து உயிர்களைப் பறித்தது. போதாக்குறைக்கு, 1989 பிப்ரவரி இறுதியில், ஆப்பிள் மரங்களில் தெளிக்கப்பட்ட அலார் என்னும் வளர்ச்சிச் சீராக்கி குழந்தைகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று நாடு முழுவதும் பார்க்கப்படும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அறிவித்திருந்தது. பள்ளிகள் சில ஆப்பிளை உணவுப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கியிருந்தன. பழம் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் மனநிலை சிலியின் கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே அமெரிக்காவில் உருவாகியிருந்தது.

மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிலடெல்பியா துறைமுகத்தில் ஆல்மெரியா ஸ்டார் என்னும் கப்பலில் வந்த சரக்கைச் சோதித்த ஆய்வாளர்கள், விதையில்லாத சிவப்புத் திராட்சைக் குலை ஒன்றில் இரண்டு பழங்கள் வேறுபட்டிருப்பதைக் கண்டார்கள். அவற்றின் தோலில் குத்தப்பட்டது போன்ற தடயமும் அதைச் சுற்றி வெண்ணிறப் படிவும் தெரிந்தன. ஆய்வகத்தில் பகுத்தபோது சயனைடு இருப்பதாக முடிவு வந்தது. அளவு, இரண்டு பழங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 0.003 மில்லிகிராம், அதாவது 3 மைக்ரோகிராம். மறுநாள் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆணையர் பிராங்க் யங், சிலியிலிருந்து வரும் பழங்கள் அனைத்தும் துறைமுகங்களில் நிறுத்தப்படும் என்றும், கடைகள் அவற்றை அகற்ற வேண்டும் என்றும், வீட்டில் வாங்கி வைத்திருப்போர் உண்ண வேண்டாம் என்றும் அறிவித்தார். தடை திராட்சையோடு நிற்காமல் பீச், பிளம், பேரிக்காய் என்று அந்தப் பருவத்தின் சிலிப் பழங்களையும் சேர்த்துக்கொண்டது. கனடாவும் ஜப்பானும் பின்தொடர்ந்தன.

இந்த 3 மைக்ரோகிராம் எவ்வளவு என்பதை முதலில் மதிப்பிட வேண்டும். சயனைடு அயனி, உயிரணுக்களுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் இரும்பணுவோடு பிணைந்து, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் திசுக்கள் மூச்சுத்திணறுவது இதனால்தான். ஆயினும் உடலில் இந்த நஞ்சை முறிக்கும் வழியும் உண்டு: ரோடனீஸ் என்னும் நொதி, கந்தகத்தைச் சேர்த்து அதைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆகவே சிறு அளவுகள் கழிந்துபோகின்றன. வளர்ந்த ஒருவரைக் கொல்வதற்குச் சில பத்து மில்லிகிராமாவது ஒரே வேளையில் உட்செல்ல வேண்டும். பிலடெல்பியாப் பழங்களில் இருந்ததாகச் சொல்லப்பட்டது அதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மரவள்ளிக்கிழங்கு மாவில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஹைட்ரஜன் சயனைடு இருக்கலாம் என்று பன்னாட்டு உணவுத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. அந்த இரண்டு திராட்சைகளின் எடையை 10 கிராம் என்று கொண்டால், அவற்றிலிருந்த செறிவு இந்த வரம்பில் முப்பதில் ஒரு பங்கே ஆகும். உண்டவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அமெரிக்க அதிகாரிகளும் மறுக்கவில்லை.

அவர்களை அச்சுறுத்தியது அளவைக் காட்டிலும் அந்த அளவு சுட்டிய கடந்தகாலம். இங்கேதான் வேதியியல் சுவையானதாகிறது. பொட்டாசியம் சயனைடு போன்ற உப்பு ஒன்றைத் திராட்சைக்குள் செலுத்தினால் அது அப்படியே தங்கியிருப்பதில்லை. பழச்சாறு அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஹெச் மதிப்பு 3க்கும் 4க்கும் இடைப்பட்டது. அந்த நிலையில் சயனைடு முழுவதும் ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடும். சுமார் 26 பாகை செல்சியசில் கொதிக்கும் இச்சேர்மம் எளிதில் ஆவியாகக் கூடியது, ஊசி போட்ட துளை வழியாகவே மெல்ல வெளியேறும். எஞ்சுவதைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது: திராட்சையின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் குளுக்கோசும் பிரக்டோசும் சயனைடோடு வினைபுரிந்து சயனோஹைட்ரின் எனப்படும் சேர்மங்களை உண்டாக்குகின்றன, சர்க்கரை நிறைந்த உணவில் கலந்த சயனைடு காலப்போக்கில் வீரியம் இழப்பதற்கு இதுவே விளக்கம். ஆகவே, பகுப்பாய்வில் 3 மைக்ரோகிராம் கிடைத்ததென்றால் தொடக்கத்தில் செலுத்தப்பட்டது அதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்திருக்கலாம் என்பது அமெரிக்கத் தரப்பின் வாதம். அப்படியானால், வேறு பெட்டிகளில் இன்னும் மறையாத நஞ்சு இருக்கக்கூடும்.

சிலித் தரப்பு இதே வேதியியலைக் கையில் எடுத்துக்கொண்டு நேர் எதிரான முடிவுக்கு வந்தது. சயனைடு அவ்வளவு விரைவாக மறையுமென்றால், சிலியில் வைத்து ஏற்றி, இரண்டு வாரக் கடற்பயணத்துக்குப் பின்னும் ஏதோ எஞ்சியிருக்க வேண்டுமாயின், செலுத்திய அளவு பழத்தையே சிதைத்திருக்க வேண்டும். பொட்டாசியம் சயனைடின் கரைசல் கடுமையான காரத்தன்மை உடையது; சிவப்புத் திராட்சையின் தோலிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமியோ அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியும் காட்டக்கூடியது. துளையைச் சுற்றித் திசுக்கள் இறந்து, நிறம் திரிந்து, பழம் சுருங்கியிருக்கும். ஏற்றுமதியாளர்கள் சார்பில் நடத்தப்பட்ட சோதனைகள் இத்தகைய சேதத்தையே காட்டின என்று அவர்கள் வாதிட்டார்கள். பிலடெல்பியாவில் படம்பிடிக்கப்பட்ட பழங்கள் அந்த அளவுக்குச் சிதைந்திருக்கவில்லை. எனவே சயனைடு கடலைக் கடந்த பின்னர், ஒருவேளை ஆய்வகத்துக்குள்ளேயே, சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. ஒரே எண்ணை ஒரு தரப்பு பெரும் நஞ்சின் மிச்சம் என்றும், மறுதரப்பு இல்லாத நஞ்சின் சான்று என்றும் வாசித்தன. இரண்டு வாசிப்புகளும் வேதியியலுக்குப் புறம்பானவை அல்ல.

நிகழ்தகவுக் கணக்கு சிலியின் பக்கம் சற்றுச் சாய்கிறது என்றே சொல்ல வேண்டும். சிலியின் திராட்சைப் பெட்டி ஒன்றின் எடை சுமார் 8 கிலோ. ஒரு பழம் 5 கிராம் என்றால் பெட்டிக்கு 1,600 பழங்கள். ஓர் இலட்சம் பெட்டிகள் ஏற்றிய கப்பலில் 16 கோடிப் பழங்கள் இருக்கும். இவற்றுள் ஒரே ஒரு குலை மட்டும் நஞ்சூட்டப்பட்டிருந்தால், இருபதில் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் அந்தக் குலை இருக்கும் பெட்டியைத் தொடுவதற்கான வாய்ப்பே 5 விழுக்காடுதான். தொட்ட பின் குலைக்குள் இருக்கும் இரண்டு பழங்கள் கண்ணில் பட வேண்டும். ஆகவே கண்டுபிடிப்பு நம்பத்தக்கதாக அமைய வேண்டுமானால் நஞ்சு பல பெட்டிகளில் பரவியிருந்திருக்க வேண்டும். அப்படிப் பரவியிருந்தால், அதற்குப் பின் நடந்த பரந்த சோதனைகளில் மேலும் சில பழங்களாவது அகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுகூட அகப்படவில்லை, யாரும் நோய்வாய்ப்படவும் இல்லை.

இதோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொன்று, பொய்யான நேர்முடிவு, அதாவது நஞ்சில்லாத மாதிரியை நஞ்சுள்ளது என்று காட்டிவிடும் பிழை. ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டுமே தவறும் சிறந்த சோதனையைக் கொண்டு ஆயிரம் மாதிரிகளைப் பகுத்தால், அவற்றுள் எதிலும் நஞ்சு இல்லாதபோதும், ஏதேனும் ஒன்றிலாவது நஞ்சு இருப்பதாக முடிவு வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. பழத்தில் குத்துத் தடயம் இருந்ததே என்று கேட்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் எல்லாப் பழங்களையும் சோதிக்கவில்லை. தோற்றத்தில் மாறுபட்டவற்றைத் தேர்ந்தெடுத்தே ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தோல் கீறிய பழங்களை மட்டும் சோதிக்கும் இடத்தில், பிழை நேர்ந்தாலும் அது தோல் கீறிய ஒரு பழத்தில்தான் நேரும். ஆகவே குத்துத் தடயமும் நேர்முடிவும் ஒரே பழத்தில் சேர்ந்திருப்பது, பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு வலுவான சான்று அன்று. இத்தகைய ஐயத்தை வழக்கமாக அறிவியல் தீர்த்துக்கொள்வது மறுசோதனையால். இரண்டு பழங்களைக் கூழாக்கிப் பகுத்த பின் மறுசோதனைக்கு மீதமிருப்பது மிகக் குறைவு, ஆவியாகும் நஞ்சைப் பொறுத்தவரை அந்த மீதமும் மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும்.

அதற்காக யங்கின் முடிவைப் பதற்றத்தின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் முன்னிருந்தவை பெயரில்லாத இரண்டு எச்சரிக்கைகள், எச்சரிக்கையில் சொல்லப்பட்ட அதே நாட்டிலிருந்து வந்த பழம், சொல்லப்பட்ட அதே நஞ்சு. பொய்யான எச்சரிக்கையால் விளைவது பணச் சேதம், தவறவிட்ட எச்சரிக்கையால் விளைவது மரணம் என்னும்போது, பொது நலத்துக்குப் பொறுப்பான எந்த அதிகாரியும் முதலாவதையே தேர்ந்தெடுப்பார். சிக்கல் இந்தத் தராசின் அமைப்பிலேயே இருக்கிறது: முடிவெடுக்கும் நாட்டின் கருவூலம் பொய்யான எச்சரிக்கைக்கு ஒரு காசும் செலவழிப்பதில்லை, விலையின் பெரும்பகுதி கடலுக்கு அப்பாலுள்ள தோட்டக்காரர் தலையில் விழுகிறது. அவருக்கு அந்த நாட்டில் வாக்குரிமையும் இல்லை.

விலை விழுந்த விதமும் திராட்சையின் இயல்போடு இணைந்தது. தாமிரத்தை ஏற்றிய கப்பல் ஒரு மாதம் துறைமுகத்தில் நின்றாலும் தாமிரம் தாமிரமாகவே இருக்கும். மார்ச் என்பதோ திராட்சைப் பருவத்தின் உச்சம். தடை அறிவிக்கப்பட்ட நாளில் பழம் எல்லா இடங்களிலும் இருந்தது: கடை அடுக்கில், துறைமுகக் குளிர்கிடங்கில், நடுக்கடலில், பொதிசாலையில், கொடியில். கடைகள் தங்கள் கையிருப்பை அழித்தன. சிலியின் பொதிசாலைகள் வேலையை நிறுத்த, பருவத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் மார்ச் 17ஆம் நாளளவில், வந்திறங்கும் பெட்டிகளில் சுமார் 5 விழுக்காட்டைத் திறந்து சோதிப்பது என்ற ஏற்பாட்டோடு தடை தளர்த்தப்பட்டது. நாள்காட்டியின்படி தடை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆயினும் சோதனைக்காகத் திறந்து, கொட்டி, மீண்டும் அடுக்கிய பழம் விரைவில் கெடும்; சோதனை முடியும் வரை தேங்கிய சரக்கு பின்னர் ஒரே வேளையில் சந்தைக்கு வந்து விலையைக் குலைக்கும்; வாங்குவோர் தயக்கமோ எந்த அரசாணைக்கும் கட்டுப்படாது. இழப்பு 30 கோடி டாலரைத் தாண்டியதாகச் சிலித் தரப்பு கணக்கிட்டது.

மிரட்டலால் பழ ஏற்றுமதி தாக்கப்பட்டது இது முதல் முறை அன்று. 1978இல் இசுரேலிய ஆரஞ்சுகள் சிலவற்றில் பாதரசம் செலுத்தப்பட்டிருப்பது நெதர்லாந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் கண்டறியப்பட, பாலஸ்தீன நோக்கத்தை முன்வைத்த ஒரு குழு அதற்கு உரிமை கோரியது. உலோக நிலையிலுள்ள பாதரசத்தைக் குடல் ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை என்பதால் நச்சியல் நோக்கில் அது மோசமான தேர்வு. ஆனால் பழத்தை வெட்டியதும் வெள்ளி மணிகளாக உருண்டு விழும் அந்தப் பொருளைவிடக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நஞ்சு வேறில்லை, மிரட்டியவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுவே. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதி ஸ்ட்ராபெரிகளில் தையல் ஊசிகள் கிடைத்தபோது, நாடெங்கும் பெருகிய புகார்களில் பல போலிகளாகவும் முதல் செய்தியைப் பார்த்துச் செய்த குறும்புகளாகவும் இருந்தன; நியூசிலாந்துக் கடைகள் ஆஸ்திரேலிய ஸ்ட்ராபெரியை அடுக்கிலிருந்து இறக்கின. ஊசியை உலோகக் காட்டியால் கண்டுபிடிக்கலாம் என்பதால் விவசாயிகள் அக்கருவியை வாங்கிப் பொதிசாலையில் நிறுத்தினார்கள். 1989இல் சயனைடுக்கு அத்தகைய கருவி எதுவும் இல்லை. பெட்டிக்குள் பார்த்து ஒன்றுமில்லை என்று உறுதி சொல்ல யாராலும் முடியவில்லை.

அமெரிக்கக் காங்கிரசுக்குப் பொறுப்பான பொதுக் கணக்கு அலுவலகம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் நடவடிக்கை தக்க சான்றின் அடிப்படையிலேயே எடுக்கப்பட்டது என்று கூறியது. சிலியில் அதை ஏற்றவர்கள் குறைவு. பினோசே அரசு இடதுசாரிகளைக் கைகாட்டியது, வேறு சிலர் அமெரிக்க உளவுத்துறையைக் கைகாட்டினார்கள். எதற்கும் சான்று வெளிப்படவில்லை. 1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பிய பின்னும் இழப்பீட்டுக் கோரிக்கை உயிரோடு இருந்தது.

தோட்டக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் அமெரிக்க இறக்குமதி நிறுவனங்களும் அமெரிக்க அரசின் மீது தொடுத்த வழக்கு, ஆய்வகத்தின் கவனக்குறைவையே மையமாகக் கொண்டது. அரசு ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசை வழக்கில் இழுக்க 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. ஆனால் கொள்கை சார்ந்து அதிகாரி தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி எடுத்த முடிவுகளுக்கு அச்சட்டமே விலக்கும் அளிக்கிறது. இழப்பு ஆய்வகத்தின் பிழையால் வந்ததா, ஆணையரின் முடிவால் வந்ததா என்பதே கேள்வியாயிற்று. பிலடெல்பியாவைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 1995இல் அளித்த தீர்ப்பில், ஆய்வக அறிக்கை எப்படிப்பட்டதாயினும் பழத்தைத் தடுத்தது ஆணையரின் முடிவே, அம்முடிவு விருப்புரிமையின் கீழ் வருகிறது, எனவே வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. இந்த அடிப்படையில் வழக்கு முடிந்ததால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் நடந்தது என்ன, சயனைடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, சான்றுகளை முன்வைத்துச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் எந்த மன்றத்திலும் தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது.